கனெக்‌ஷன் இப்போது யார் கையில்? சாக்கெட் கோடில் ரேஸைப் பிடித்துச் சரிசெய்வது

காசிமேட்டில் தொடங்கி எண்ணூர் வரை விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஜிபிஎஸ் பெட்டி. அரை நிமிடத்துக்கு ஒரு டிசிபி செய்தி அனுப்பும். அதை வாங்கிக்கொள்ள, லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக்காக ஒரு லினக்ஸ் சர்வர் ஓடுகிறது. இந்தக் கற்பனை சர்வரையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். திருவொற்றியூர் பக்கம் ஒரு செல்போன் டவர் மின்வெட்டில் படுத்து மறுபடி எழுந்தால் நூற்றுக்கணக்கான பெட்டிகள் ஒரே மூச்சில் இணைய வரும். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய ப்ரோகிராம் அந்த நேரம் பார்த்துக் காலை வாரும்.

மேப்பில் வண்டிகள் அசையாமல் நிற்கும். சாலையிலும் அவை அசையாமல்தான் நிற்கும் என்பதால் யாருக்கும் உடனே சந்தேகம் வராது. பிறகு பார்த்தால் ப்ரோகிராம் சாகவில்லை, சிபியு சும்மா கிடக்கிறது, போர்ட் திறந்திருக்கிறது, பதிவில் ஒரு பிழைகூட இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. இப்படி ஒரு கோளாறு வந்தால் முதலில் ரேஸ் கண்டிஷனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ரேஸ் என்பது ஒரு இடைவெளி. கோடு ஒன்றைப் பார்க்கிறது, பார்த்ததை நம்பி இன்னொன்றைச் செய்கிறது. நடுவில் வேறொரு திரெட்டோ (அதே ப்ரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலை), கர்னலோ (லினக்ஸின் மையப் பகுதி), எதிர்முனையோ நிலைமையை மாற்றிவிடுகிறது. நெட்வொர்க் கோடில் இது கூடுதலாக வருவதற்குக் காரணம், எதிர்முனை நம் பூட்டு எதற்கும் கட்டுப்படாது என்பதுதான். எந்த மியூடெக்ஸ் பூட்டைப் போட்டாலும் டிரெய்லரில் உள்ள பெட்டி தனக்குத் தோன்றும்போது இணைப்பைத் துண்டிக்கும். ஆகவே பூட்டு போட்டுத் தீர்ப்பது பாதி வேலைதான். எந்த நொடியிலும் இந்த இணைப்புக்குச் சொந்தக்காரர் யார் என்பதற்குக் கோடில் ஒரே ஒரு பதில் இருக்க வேண்டும். மீதி பாதி அது.

ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்

தொங்கி நிற்கும் ப்ராசஸ்தான் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி. ஐந்து நிமிடம் பொறுத்து இவற்றை எடுத்து வையுங்கள்.

‘எஸ்எஸ்’ கட்டளையை எல், என், டி ஆகிய மூன்று தெரிவுகளோடு ஓட்டினால் லிசன் சாக்கெட்டுகள், அதாவது புதிய இணைப்புக்காகக் காத்திருக்கும் முனைகள், வரும். லிசன் நிலையில் ‘ரிசீவ்-க்யூ’ என்பது பைட் கணக்கு அல்ல. கைகுலுக்கல் (இணைப்பைத் தொடங்கும் பாக்கெட் பரிமாற்றம்) முடிந்து, ஆக்செப்ட் செய்ய, அதாவது எடுத்துக்கொள்ள, ஆள் இல்லாமல் காத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை அது. ‘சென்ட்-க்யூ’ அந்த வரிசையின் உச்ச வரம்பு. முன்னது பின்னதைத் தொட்டுவிட்டதென்றால் வரிசை நிரம்பி வழிகிறது. வரம்பு என்பது லிசனுக்கு நீங்கள் கொடுத்த எண், கர்னல் அமைப்பான ‘சோமேக்ஸ்கான்’ மதிப்பு இரண்டில் சிறியது. லினக்ஸ் 5.4-க்கு முன்பு சோமேக்ஸ்கான் 128 ஆக இருந்தது, 5.4 முதல் 4096. வழிந்த கணக்கை ‘என்ஸ்டாட்’ கட்டளையில் ‘லிசன் ஓவர்ஃப்ளோஸ்’ என்ற எண் காட்டும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. வரிசை நிரம்பியிருந்தால் கைகுலுக்கலின் கடைசி ஏசிகே (ஒப்புகை) பாக்கெட்டைக் கர்னல் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். பெட்டியோ தான் இணைந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். பெட்டியின் பதிவில் ‘கனெக்டட்’, சர்வரின் பதிவில் ஒன்றுமே இல்லை என்ற முரண்பாடு இதனால் வருவது.

அடுத்து ஒவ்வொரு திரெட்டும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஜிடிபி டீபக்கரை ஒட்டவைத்து எல்லாத் திரெட்டின் பேக்டிரேஸையும் (எந்தெந்த அழைப்பு வழியாக எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) ஒரு கோப்பில் கொட்டுங்கள். இல்லையென்றால் ரூட் உரிமையோடு ‘ப்ராக்’ அடைவில் அந்தத் திரெட்டின் ‘ஸ்டாக்’ கோப்பைப் படிக்கலாம். கடைசியாக, பி தெரிவோடு எஸ்எஸ்-ஐ ஓட்டி, எந்த இணைப்பு எந்த ப்ராசஸ் கையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘க்ளோஸ்-வெயிட்’ நிலையில் நிறைய இருந்தால், எதிர்முனை முடித்துக்கொண்டு போய்விட்டது, நம் பக்கம் இன்னும் யாரும் மூடவில்லை என்று அர்த்தம்.

இதற்குள் கோளாறின் முகம் தெரியத் தொடங்கும். இணைந்திருக்கும் வண்டிகளின் செய்திகள் நின்றுபோய், புதிதாக ஒரு வண்டி இணைந்ததும் எல்லாம் கொத்தாக வந்து விழுகின்றனவா? அது ஆக்செப்டில் மாட்டிய திரெட். ஒரு வண்டியின் விவரம் இன்னொரு வண்டியின் கணக்கில் ஏறுகிறதா? எஃப்டி எண் (திறந்த இணைப்புக்குக் கர்னல் தரும் அடையாள எண்) மறுபடி புழக்கத்துக்கு வந்த கதை. வண்டி இணைந்திருக்கும்போதே மேப்பில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறதா? எந்தக் கருவிக்கு எந்த இணைப்பு என்ற பதிவேட்டில் ரேஸ். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

ஆக்செப்டில் மாட்டிய திரெட்

இது ரொம்பப் பழைய பக், இன்றும் புதுக் கோடில் தவறாமல் வரும். பல சாக்கெட்டுகளை ஒன்றாகக் கவனிக்கும் செலக்ட், போல், ஈபோல் அழைப்புகளில் ஏதோ ஒன்று ‘லிசன் சாக்கெட்டில் ஆள் வந்திருக்கிறது’ என்கிறது. கோடு நம்பி ஆக்செப்டைக் கூப்பிடுகிறது. அதற்குள் வந்த ஆள் இல்லை. சாக்கெட் பிளாக்கிங் முறையில் இருந்தால் அடுத்த ஆள் வரும்வரை திரெட் அங்கேயே படுத்துவிடும். அதே திரெட்தான் மற்ற நூறு இணைப்புகளையும் கவனிக்கிறது என்றால் நூறும் ஊமை.

வந்த ஆள் எப்படிக் காணாமல் போகிறார் என்பது இயங்குதளத்தைப் பொறுத்தது. எதிர்முனை, இணைப்பை உடனே முறிக்கும் ரீசெட் பாக்கெட் அனுப்பினால், சில பழைய யூனிக்ஸ் வகைகள் அந்த இணைப்பை வரிசையிலிருந்தே தூக்கிவிடும். லினக்ஸ் அப்படிச் செய்யாது. ஆக்செப்ட் வெற்றியோடு ஒரு எஃப்டி தரும், அதில் ரீட் செய்யும்போதுதான் ‘ஈ-கன்ரீசெட்’ பிழை வரும். ஆகவே லினக்ஸில் இந்தத் தொங்கலுக்கு வழக்கமான காரணம் வேறு. ஒரே லிசன் சாக்கெட்டை இரண்டு திரெட்டுகள் கவனிக்கின்றன, ஒரு வருகைக்கு இரண்டும் விழிக்கின்றன, முதலில் ஓடியவர் எடுத்துக்கொள்கிறார், இரண்டாமவர் வெறும் வாசலில் காத்துக் கிடக்கிறார்.

சரிசெய்வதற்கு முன்பு வரவழைத்துப் பாருங்கள். வரவழைக்க முடியாத ரேஸைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்வது நம்பிக்கை மட்டுமே. வழி, இடைவெளியை அகலமாக்குவது. சிஸ்டம் அழைப்புகளைக் கண்காணிக்கும் ‘எஸ்ட்ரேஸ்’ கருவியில் ‘இன்ஜெக்ட்’ வசதி இருக்கிறது. ஆக்செப்டின் மறுவடிவமான ஆக்செப்ட்4 அழைப்புக்கு ‘டிலே-என்டர்’ மதிப்பாக 200000 கொடுத்தால், கோடைத் தொடாமலே ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் 200 மில்லி செகண்ட் தாமதம் விழும். கணக்கு மைக்ரோ செகண்டில். திரெட்டுகளையும் சேர்த்துப் பிடிக்க எஃப் தெரிவை மறக்க வேண்டாம். இப்போது ஒரே ஒரு இணைப்பு மட்டும் கொடுங்கள். இரண்டு திரெட்டும் விழித்து, ஒன்று ஆக்செப்டில் தூங்கிவிடுவது பேக்டிரேஸில் பளிச்சென்று தெரியும். துண்டிக்கும் எதிர்முனை வேண்டுமென்றால், சோதனை கிளையன்டில் ‘எஸ்ஓ-லிங்கர்’ தெரிவை இயக்கி நேரத்தைப் பூஜ்யமாக வைத்து உடனே க்ளோஸ் செய்யுங்கள். இணைப்பை ஒழுங்காக முடிக்கும் ஃபின் பாக்கெட்டுக்குப் பதில் ரீசெட் போகும்.

மருந்து நான்கு பங்கு. லிசன் சாக்கெட்டை உருவாக்கும்போதே ‘சாக்-நான்பிளாக்’ (காத்திருக்காமல் உடனே திரும்பும்) கொடியோடு உருவாக்குங்கள். ‘ஈ-அகெய்ன்’ (இப்போது ஒன்றும் இல்லை) வரும்வரை ஆக்செப்டைச் சுற்றில் கூப்பிடுங்கள், வந்ததும் அமைதியாக வெளியேறுங்கள். ‘ஈ-கன்அபார்ட்டட்’, ‘ஈ-இன்டர்’, ‘ஈ-ப்ரோட்டோ’ மூன்றையும் பிழையாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த சுற்றுக்குப் போங்கள். ‘ஈ-எம்ஃபைல்’ வந்தால், அதாவது எஃப்டி தீர்ந்துபோனால், சும்மா தொடரக் கூடாது. வரிசை காலியாகாமல் ஈபோல் திரும்பத் திரும்ப எழுப்பி சிபியுவை 100 சதவீதத்துக்குக் கொண்டுபோகும். தொடக்கத்திலேயே ‘டெவ்-நல்’ கோப்பைத் திறந்து ஒரு எஃப்டியைக் கையிருப்பாக வைத்திருங்கள். தீரும்போது அதை மூடி, வந்த இணைப்பை ஆக்செப்ட் செய்து உடனே மூடி, கையிருப்பை மறுபடி திறந்து வையுங்கள். இந்த மூன்று படிக்கு நடுவில் வேறு திரெட் அந்த எண்ணைப் பிடுங்கிவிடலாம் என்பதால், இதை ஒரே திரெட் மட்டும் செய்யட்டும்.

திரெட்டுகள் வெட்டியாக விழிப்பதையே குறைக்க வேண்டுமானால், தனித்தனி ஈபோல்கள் ஒரே சாக்கெட்டைக் கவனிக்கும் அமைப்புக்கு ‘ஈபோல்-எக்ஸ்க்ளூசிவ்’ இருக்கிறது, லினக்ஸ் 4.5 முதல். அது விழிப்பின் எண்ணிக்கையைக் குறைக்குமே தவிர, ஒருவர்தான் விழிப்பார் என்று உத்தரவாதம் தராது. நான்பிளாக் அப்போதும் வேண்டும்.

ஆக்செப்டுக்குப் பதில் ஆக்செப்ட்4 கூப்பிடுங்கள். இதற்கும் காரணம் ரேஸ்தான். லினக்ஸில் லிசன் சாக்கெட்டின் நான்பிளாக் குணம் புதிய சாக்கெட்டுக்கு வராது; பிஎஸ்டி வகைகளில் வரும். தனியாக எஃப்சிஎன்டிஎல் கூப்பிட்டு அமைக்கலாம் என்று பார்த்தால், அந்த இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் இன்னொரு திரெட் ஃபோர்க் செய்து (ப்ராசஸின் பிரதி ஒன்றை உருவாக்கி) வேறு ப்ரோகிராமை ஓட்டினால், அந்தக் குழந்தை ப்ராசஸ் இந்த இணைப்பையும் சுமந்துகொண்டு போகும். அப்புறம் நீங்கள் எத்தனை முறை க்ளோஸ் செய்தாலும் ஃபின் போகாது, ஏனென்றால் கடைசிப் பிரதி இன்னொருவர் கையில். எஸ்எஸ் காட்டும் ப்ராசஸ் பெயரில் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ஆக்செப்ட்4-இல் நான்பிளாக், க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் (வேறு ப்ரோகிராம் ஓடத் தொடங்கும்போது தானாக மூடுவது) இரண்டையும் ஒரே அழைப்பில் கொடுத்துவிடலாம், இடைவெளியே இல்லை.

எண் பழையது, ஆள் புதியவர்

இங்குதான் நிஜமான சேதம் நடக்கும், அதனால் நிதானமாகப் பார்ப்போம். காலியாக இருப்பதிலேயே சிறிய எஃப்டி எண்ணைத்தான் கர்னல் அடுத்தவருக்குக் கொடுக்கும்; யூனிக்ஸ் தரநிலையான பாசிக்ஸின் விதியே அப்படி. 17-ஐ மூடிய அடுத்த கணம் வரும் இணைப்புக்கு அநேகமாக 17 தான் கிடைக்கும். வியாசர்பாடியில் ஒரு லைன் வீட்டைக் காலி செய்தவர் பேருக்கு வந்த மணியார்டர், அதே கதவு எண்ணில் மறுநாள் குடிவந்தவர் கைக்குப் போனால் எப்படி இருக்குமோ அப்படி.

நடப்பது இதுதான். வேலைத் திரெட் 17-இல் வந்த செய்தியைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. நீண்ட நேரம் சத்தமில்லை என்று டைமர் திரெட் 17-ஐ மூடுகிறது. ஆக்செப்ட் திரெட் புதிய வண்டிக்கு 17-ஐக் கொடுக்கிறது. வேலைத் திரெட் பதில் எழுதுகிறது, 17-க்கு. பழைய வண்டிக்கான பதில் புதிய வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. எந்த அழைப்பும் பிழை காட்டவில்லை, பதிவு சுத்தமாக இருக்கிறது. வேலைத் திரெட் ரீடில் தூங்கிக்கொண்டிருந்தாலும் நிலைமை சரியில்லை. லினக்ஸில் இன்னொரு திரெட் க்ளோஸ் செய்வதால் ரீடில் இருப்பவர் விழிக்கமாட்டார்.

தீர்வு, மூடும் உரிமையை ஒரே இடத்தில் வைப்பது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ஆப்ஜெக்ட், அதில் அதைப் பயன்படுத்துவோரின் ஒரு அணுநிலை எண்ணிக்கை (நடுவில் யாரும் குறுக்கிட முடியாதபடி மாறுவது), ஒரு அணுநிலை நிலை. நிலை ‘திறப்பு’, ‘முடிப்பு’ என்று இரண்டு போதும். யாருக்கு இணைப்பை முடிக்கத் தோன்றினாலும், ஒப்பிட்டு-மாற்றும் செயலால் திறப்பிலிருந்து முடிப்புக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். வென்ற ஒருவர் மட்டும் ‘ஷட்டவுன்’ கூப்பிடுவார், இரு திசைக்கும். தோற்றவர் பேசாமல் திரும்புவார். ஷட்டவுன் எஃப்டி எண்ணை விடுவிக்காது. ரீடில் தூங்குபவரை மட்டும் எழுப்பும், அவருக்குப் பூஜ்யம் கிடைக்கும். ஒவ்வொருவரும் வேலை முடிந்ததும் எண்ணிக்கையைக் குறைப்பார்கள், பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தவர்தான் க்ளோஸ் செய்வார். இந்த வரிசையை மாற்றக் கூடாது. டைமர் கோடில் நேரடியாக க்ளோஸ் இருந்தால் அதைத் தேடிப் பிடித்து எடுங்கள். சந்தேகமிருந்தால் ரெப்போ முழுக்க க்ளோஸ் அழைப்புகளைத் தேடுங்கள். இணைப்புகளுக்கென்று ஒரு இடத்தில்தான் அது இருக்க வேண்டும்.

க்ளோஸ் ‘ஈ-இன்டர்’ திருப்பினால் மறுபடி கூப்பிடுவது நல்ல பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். லினக்ஸில் அது அபாயம். பிழை வந்தாலும் எண் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டுவிட்டது, இரண்டாவது அழைப்பு வேறு யாருடைய இணைப்பையோ மூடும்.

ஈபோலில் இதன் தம்பி ஒருவன் உண்டு. ஒரு ஈபோல்-வெயிட் அழைப்பில் 64 நிகழ்வுகள் வாங்குகிறீர்கள். மூன்றாவதைக் கவனிக்கும்போது நாற்பதாவதின் இணைப்பை மூடி, ஆப்ஜெக்டையும் விடுவித்துவிடுகிறீர்கள். நாற்பதாவதுக்கு வரும்போது கையில் இருப்பது செத்த பாயின்டர். விடுவிக்க வேண்டியவற்றை ஒரு பட்டியலில் போட்டு வைத்து, அந்தத் தொகுதி முழுதும் முடிந்த பிறகு விடுவிப்பது எளிய வழி. பாயின்டருக்குப் பதில், 64 பிட்டில் பாதியை இட எண்ணுக்கும் பாதியைத் தலைமுறை எண்ணுக்கும் ஒதுக்கி, நிகழ்வு வரும்போது தலைமுறை பொருந்துகிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதி. இன்னொன்று: ஈபோல் பதிவு எஃப்டி எண்ணோடு மட்டுமல்ல, அதன் பின்னால் உள்ள திறந்த கோப்போடும் சேர்ந்தது. டூப் அல்லது ஃபோர்க்கால் ஒரு பிரதி மிச்சமிருந்தால், நீங்கள் மூடிய பிறகும் நிகழ்வுகள் வந்துகொண்டே இருக்கும், நீக்கவும் முடியாது. க்ளோஸுக்கு முன்பே ஈபோலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

ஒரே ஈபோலைப் பல திரெட்டுகள் பகிர்ந்தால் ‘ஈபோல்-ஒன்ஷாட்’ கட்டாயம். இல்லையென்றால் ஒரு வண்டியின் முதல் பாதிச் செய்தி ஒரு திரெட்டிலும் மறுபாதி இன்னொன்றிலும் படிக்கப்படும். ஒன்ஷாட்டில் ஒரு நிகழ்வு கொடுத்ததும் அந்தச் சாக்கெட் மௌனமாகிவிடும். வேலை முடிந்ததும் ‘மாட்’ கட்டளையால் மறுபடி இயக்க வேண்டும். இயக்கும் நொடியில் தரவு ஏற்கெனவே காத்திருந்தால் கர்னல் அதைப் பார்த்து உடனே நிகழ்வு தரும், தவறிப்போகாது. ஆனால் மாட் கூப்பிட்ட அடுத்த கணம் இணைப்பு உங்களுடையது அல்ல. அதற்குப் பின் ஒரு வரிகூட அந்த ஆப்ஜெக்டைத் தொடக் கூடாது, புள்ளிவிவரத்துக்காக ஒரு எண்ணைக் கூட்டுவதுகூடக் கூடாது.

பழைய இணைப்பு சாகும்போது புதியதையும் இழுத்துக்கொண்டு போவது

இது கர்னல் விஷயம் அல்ல, சுத்தமாக நம் கோடின் தவறு. ஆனால் களத்தில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். ஓட்டுநரின் போனிலும் இதே ஆப் ஓடுகிறது, அவர் வண்டியை விட்டு மெட்ரோவில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விம்கோ நகரிலிருந்து உயரத்தில் வரும் ரயில் தண்டையார்பேட்டைக்கு வரும்போது சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். சிக்னல் போய், வேறொரு ஐபியோடு திரும்பி வருகிறது. போன் புது இணைப்பைத் தொடங்குகிறது. பழைய இணைப்பு செத்தது சர்வருக்குத் தெரியாது, ஃபின் எதுவும் வரவில்லையே. சர்வரின் பதிவேட்டில் ‘இந்தக் கருவிக்கு இந்த இணைப்பு’ என்ற வரி புதியதற்கு மாறுகிறது. சில நிமிடம் கழித்துப் பழைய இணைப்பு காலாவதியாகி, அதன் துப்புரவுக் கோடு ‘இந்தக் கருவியை நீக்கு’ என்கிறது. போனது புதிய இணைப்பின் வரி. போன் உயிரோடு பேசிக்கொண்டிருக்கிறது, மேப்பில் ஆஃப்லைன்.

நீக்கும்போது கருவியின் அடையாளத்தை மட்டும் பார்க்காதீர்கள். பூட்டுக்குள் இப்படி இருக்கட்டும்:

பதிவேட்டைப் பூட்டு
பதிவேடு[கருவி] இந்த இணைப்பையே காட்டினால் மட்டும் நீக்கு
பூட்டைத் திற

ரெடிஸ் போன்ற வெளிச் சேமிப்பில் பதிவேடு இருந்தால், ‘கெட்’ செய்து பார்த்துவிட்டு ‘டெல்’ செய்வது அதே இடைவெளியை மறுபடி திறக்கும். இரண்டையும் ஒரே லூவா ஸ்கிரிப்ட்டுக்குள் வையுங்கள். சேர்க்கும் பக்கமும் கவனம் வேண்டும். பழைய இணைப்பை எடுத்து ஷட்டவுன் செய்வது பூட்டுக்கு வெளியே நடக்கட்டும், பூட்டைப் பிடித்தபடி நெட்வொர்க் அழைப்பு எதையும் கூப்பிட வேண்டாம்.

செத்த இணைப்பைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது ரேஸைத் தீர்க்காது, ஆனால் ஜன்னலைச் சுருக்கும். லினக்ஸின் கீப்-அலைவ் (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிப்பது) இயல்பு மதிப்பு 7200 நொடி சும்மா இருந்த பிறகு, 75 நொடி இடைவெளியில் 9 முயற்சி. வண்டிகளுக்கு இது ரொம்ப அதிகம். 60, 10, 3 என்று சாக்கெட்டிலேயே அமைக்கலாம். அனுப்பிய தரவுக்குப் பதில் வராத நிலையில் கீப்-அலைவ் வேலைக்கு வராது, மறுஅனுப்புதல்தான் ஓடும். இயல்பு அமைப்பில் அது கைவிட 924 நொடிக்கு மேல் ஆகும். அதற்கு ‘டிசிபி-யூசர்-டைம்அவுட்’ மதிப்பை மில்லி செகண்டில் தனியாகக் கொடுக்க வேண்டும்.

விடைபெறும்போதும் ஒரு ரேஸ் உண்டு. படிக்காத தரவு மிச்சமிருக்கும்போது க்ளோஸ் செய்தால் லினக்ஸ் ஃபின்னுக்குப் பதில் ரீசெட் அனுப்பும். கடைசியாக நீங்கள் எழுதிய பதிலை எதிர்முனை படிப்பதற்குள் ரீசெட் போய்ச் சேர்ந்தால் அந்தப் பதில் காலி. எழுதும் திசையை மட்டும் ஷட்டவுன் செய்து, பூஜ்யம் வரும்வரை சில நொடி படித்துக் கொட்டிவிட்டு, பிறகு மூடுங்கள். ஹெச்டிடிபி கீப்-அலைவிலும் (ஒரே இணைப்பைப் பல கோரிக்கைகளுக்கு வைத்திருப்பது) இதுபோலத்தான். சர்வர் சும்மா இருக்கும் இணைப்பை மூடும் அதே கணத்தில் கிளையன்ட் அதில் புதுக் கோரிக்கை அனுப்பும். கிளையன்டின் காத்திருப்பு நேரம் சர்வருடையதைவிடக் குறைவாக இருக்கட்டும். வெப் சர்வர்களில் என்ஜின்எக்ஸ் இயல்பாக 75 நொடி, அப்பாச்சி 5 நொடி. முன்னால் நிற்கும் லோடு பேலன்சரும் இங்கே கிளையன்ட்தான் என்பதை மறந்துவிடுவார்கள்.

கர்னலுக்குள்ளே கை வைப்பவர்களுக்கு

டிரைவரோ புரோட்டோகால் மாட்யூலோ எழுதுபவர்களுக்கு விதி அதேதான், கருவிகள் வேறு. நல்ல பாடம் 2016 டிசம்பரில் வெளிவந்த சிவிஇ-2016-8655 என்ற பாதுகாப்பு ஓட்டை. பாக்கெட் சாக்கெட்டில் ரிங் பஃபர் இருக்கிறதா என்று ஒரு பாதை பார்த்துவிட்டு, இல்லை என்றால் பதிப்பு எண்ணை மாற்றுகிறது. பார்த்ததற்கும் மாற்றியதற்கும் நடுவில் இன்னொரு திரெட் மூன்றாம் பதிப்பு ரிங்கை உருவாக்கி டைமரையும் ஓடவிட்டது. பிறகு மூடும்போது பதிப்பு எண் வேறாக இருப்பதால் டைமரை நிறுத்தும் கோடு ஓடவில்லை. விடுவித்த நினைவகத்தில் டைமர் அடித்தது, சாதாரணப் பயனர் ரூட் ஆக வழி கிடைத்தது. 2011 முதல் அது கோடில் இருந்தது. சரிசெய்தது மிகச் சிறிய மாற்றம். சோதனையையும் மாற்றத்தையும் ஒரே சாக்கெட் பூட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

சாக்கெட்டைத் தேடும் பாதைகள் பூட்டில்லாமல் ஆர்சியு-வில் (படிப்பவர்கள் முடிக்கும்வரை விடுவிப்பைத் தள்ளிவைக்கும் கர்னல் முறை) ஓடுகின்றன. டிசிபி சாக்கெட்டின் நினைவகம் ‘டைப்சேஃப்-பை-ஆர்சியு’ வகை, அதாவது ஆர்சியு காலம் முடியும் முன்பே அதே இடத்தில் வேறொரு சாக்கெட் குடியேறலாம். அதனால் தேடிக் கண்டதும் ‘பூஜ்யமாக இல்லாவிட்டால் கூட்டு’ என்ற செயலால் எண்ணிக்கையை ஏற்ற வேண்டும், ஏற்றிய பிறகு முகவரி, போர்ட் எல்லாம் இன்னும் பொருந்துகின்றனவா என்று மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவது சோதனையை வீண் என்று எண்ணி நீக்குவதுதான் பக்.

பாக்கெட் வரும்போது சாக்கெட் யூசர் பக்கத்தின் கையில் இருந்தால் அதை நேரடியாகக் கையாளக் கூடாது, பேக்லாகில் போட வேண்டும். பூட்டை விடுபவர் அதைக் கவனிப்பார். டைமர் அடிக்கும்போதும் இதே சோதனை வேண்டும். டைமரை ஓடவிடும்போது சாக்கெட்டின் எண்ணிக்கையை ஒன்று கூட்டுங்கள், இல்லையென்றால் டைமர் அடிக்கும்போது சாக்கெட் இருக்காது. டைமர் கோடு எடுக்கும் பூட்டை நீங்கள் பிடித்துக்கொண்டு, அந்த டைமர் முடியும்வரை காத்திருக்கும் வகை நிறுத்தலைக் கூப்பிட்டால் இருவரும் மாட்டிக்கொள்வீர்கள். ஹாஷ் அட்டவணையில் சேர்ப்பது கடைசி வேலை. அதற்கு முன் எல்லாப் புலங்களும் நிரம்பியிருக்க வேண்டும். தூங்கப் போகிறவர் முதலில் காத்திருப்பு வரிசையில் சேர்ந்து, முழு மெமரி பேரியர் (நினைவகச் செயல்களின் வரிசை மாறாமல் தடுக்கும் கட்டளை) போட்டு, அப்புறம் நிபந்தனையைப் பார்க்க வேண்டும். எழுப்புகிறவர் நிபந்தனையை மாற்றி, பேரியர் போட்டு, அப்புறம் தூங்குபவர் உண்டா என்று பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு பேரியர் விட்டுப்போனால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போகலாம். இணைப்பு நிரந்தரமாகத் தூங்கும்.

சோதனை கர்னலில் நினைவகத் தவறைப் பிடிக்கும் கேசான், பூட்டுத் தவறைப் பிடிக்கும் லாக்டெப் இரண்டையும் இயக்கி வையுங்கள். தரவு ரேஸைப் பிடிக்க 5.8 முதல் கேசிசான் இருக்கிறது. தாமதம் மிக அதிகம் என்பதால் இவற்றை ஒரே கர்னலில் திணிக்காமல் தனித்தனிக் கட்டமைப்பாக ஓட்டுவது நல்லது.

பூட் ஆகும்போதும் ரீலோடிலும்

மின்சாரம் வந்து சர்வர் எழும்போது ப்ரோகிராம் முந்திக்கொண்டு, ஐபி இன்னும் வராத கார்டில் பைண்ட் செய்து ‘முகவரி இல்லை’ என்று விழும். சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி-யில் ‘நெட்வொர்க்-டார்கெட்’ என்பது முகவரி வந்துவிட்டது என்று பொருள்படாது. ‘நெட்வொர்க்-ஆன்லைன்-டார்கெட்’டை ‘ஆஃப்டர்’, ‘வான்ட்ஸ்’ இரண்டிலும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் பயனில்லை. இன்னும் நல்லது ‘ஐபி-ஃப்ரீபைண்ட்’ தெரிவு. முகவரி வருவதற்கு முன்பே பைண்ட் செய்துகொள்ளலாம்.

ஒரே போர்ட்டைப் பல சாக்கெட்டுகள் பகிர விடும் ‘ரியூஸ்போர்ட்’ கொண்டு பழைய ப்ராசஸையும் புதியதையும் ஒன்றாக ஓட்டி மாற்றும்போது, பழையவரின் ஆக்செப்ட் வரிசையில் நின்ற இணைப்புகள் அவர் மூடியதும் ரீசெட் வாங்கும். லினக்ஸ் 5.14 முதல் ‘டிசிபி-மைக்ரேட்-ரெக்’ என்ற சிஸ்கன்ட்ரோல் அவற்றை மற்றவருக்கு மாற்றித் தரும். பழைய கர்னல் என்றால் லிசன் சாக்கெட்டையே புதிய ப்ராசஸுக்குக் கைமாற்றுங்கள், அப்போது வரிசை ஒன்றுதான், எதுவும் தொலையாது.

வெளியே இணையும் பக்கம்: நான்பிளாக் கனெக்டில் சாக்கெட் ‘எழுதத் தயார்’ என்றால் வெற்றி என்று பொருளல்ல, ‘எஸ்ஓ-எர்ரர்’ மதிப்பைப் படித்தால்தான் தெரியும். டிஎன்எஸ் தேடல் அவ்வப்போது சரியாக 5 நொடி தாமதமானால், ஒரே சாக்கெட்டிலிருந்து போகும் ஏ (ஐபிவி4), நான்கு-ஏ (ஐபிவி6) கேள்விகள் கர்னலின் இணைப்புக் கண்காணிப்பான கான்ட்ராக்கில் மோதி ஒன்று விழுந்திருக்கலாம். ‘கான்ட்ராக்’ புள்ளிவிவரத்தில் ‘இன்சர்ட்-ஃபெயில்ட்’ ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் ரிசால்வ் கோப்பில் ‘சிங்கிள்-ரிக்வெஸ்ட்’ தெரிவு கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும்.

தீர்ந்ததா என்று பார்ப்பது

ஸ்லீப் போட்டதும் பக் மறைந்தால் அது தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. ‘வாலடைல்’ எழுதுவதும் அப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே பெரிய பூட்டுக்குள் அடைத்தால் ரேஸ் போய் டெட்லாக் வரும்.

இடைவெளியை அகலமாக்கிய அதே எஸ்ட்ரேஸ் தாமதத்தை இப்போதும் வைத்துச் சோதியுங்கள். திருத்தத்துக்கு முன் ஒவ்வொரு முறையும் விழுந்த சோதனை, தாமதம் இருக்கும்போதே ஒருமுறைகூட விழாமல் ஓட வேண்டும். யூசர் பக்கக் கோடை, தரவு ரேஸைக் கண்டுபிடிக்கும் திரெட் சேனிட்டைசரோடு தொகுத்து ஓட்டுங்கள். வேகம் 5 முதல் 15 மடங்கு குறையும், நினைவகம் 5 முதல் 10 மடங்கு கூடும், அட்ரஸ் சேனிட்டைசரோடு ஒரே பைனரியில் சேராது. எஃப்டி எண் மறுபயன்பாட்டை அது எப்போதும் பிடித்துவிடாது, ஏனென்றால் அங்கே மோதுவது நினைவகம் அல்ல, எண். அதற்குத் தனிச் சோதனை எழுதுங்கள்: ஒவ்வொரு கிளையன்டும் தன் கருவி எண்ணைச் செய்தியில் அனுப்பி, பதிலில் அதே எண் வருகிறதா என்று பார்க்கட்டும். ‘டிசி’ கட்டளையின் நெட்எம் கொண்டு 300 மில்லி செகண்ட் தாமதம், அதில் 100 கூடக்குறைய ஏற்ற இறக்கம், 2 சதவீத இழப்பு என்று போட்டு, பாதிக் கிளையன்டுகளை லிங்கர் பூஜ்யத்தோடு இடையில் துண்டிக்கவிடுங்கள். ப்ராசஸை டாஸ்க்செட் கொண்டு ஒருமுறை ஒரே கோரிலும், ஒருமுறை எல்லாக் கோரிலும் ஓட்டுங்கள். இரண்டிலும் வரும் ரேஸ்கள் வேறு வேறு. ஓட்டம் முடிந்ததும் திறந்திருக்கும் எஃப்டி எண்ணிக்கை தொடக்க அளவுக்குத் திரும்பியிருக்கிறதா என்று ‘ப்ராக்’ அடைவில் எண்ணுங்கள். ஒன்று கூடியிருந்தாலும் யாரோ ஒருவர் எண்ணிக்கையைக் குறைக்க மறந்திருக்கிறார். எந்தப் பாதை என்பதை, ஆப்ஜெக்டைப் பிடிக்கும்போதும் விடும்போதும் வரி எண்ணைக் குறித்து வைக்கும் ஒரு டீபக் பில்டில் தேடலாம்.